விட்பியிலிருந்து ஹெட்டி

பைபிள் மேல் கைவைத்துச் சொன்னேன்:
என் பெயர் ரோவினா மெட்காஃப்.
அந்த ஜனவரி இரவில் மட்டும்
பதினோரு நிமிடம்
நான் ஹெட்டி. விட்பியிலிருந்து பேசினேன்.
கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.
ஒரு பூனையும் தயாராக வைத்திருந்தேன்,
அதன் பெயரை யாரும் கேட்கவில்லை.

லீட்ஸுக்கு வெளியே டயர்க் கிடங்கின் பின்புறம்
எங்கள் ஸ்டுடியோ.
நள்ளிரவு தாண்டினால் திரை முழுக்கத் தீக்குச்சிகள்.
இதில் எத்தனை முக்கோணம்?
கீழே எண் ஓடும்.
அதற்கும் கீழே எறும்பு எழுத்தில்
அழைப்புக்கு ஒன்றரைப் பவுண்டு,
லைன் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும்.

என் வேலை டீ போடுவது.
அன்று இணைப்புப் பெட்டி செத்துப்போனது.
தொகுப்பாளர் சிரித்துச் சிரித்து நேரம் கடத்த,
கிளைவ் ஓடிவந்து என் தலையில் ஹெட்போனை மாட்டினார்.
'குரலைக் கொஞ்சம் வயசாக்கு.
ஏதாவது ஒரு எண் சொல்.'

அறுபத்தெட்டு என்றேன்.
சரியான விடை என்றார்கள்.
ஜிகினாத் தாள் கொட்டியது.
நாலாயிரம் பவுண்டு எனக்கு விழுந்தது,
விழுந்த கையோடு எழுந்து
கம்பெனிக் கணக்குக்கே போய்விட்டது.
நான் அழுதேன்.
அழுகை அசலாக இருந்ததாம்.
அந்த வாரச் சம்பளத்தில் பத்துப் பவுண்டு கூடுதல்.

மூன்று நாள் சண்டை போட்டார்கள் கறுப்பு அங்கிக்காரர்கள்,
இது திறமைப் போட்டியா, குலுக்கலா என்று.
திறமை என்றால் ஒரு சட்டம்,
குலுக்கல் என்றால் வேறு சட்டம்.
அஞ்சலட்டையில் இலவசமாகவும் விடை அனுப்பலாமே,
விதி ஒன்பதைப் பாருங்கள் என்றார் கிளைவின் வக்கீல்.
வந்த அட்டைகள் எங்கே என்றார் நீதிபதி.
என்னைப் பார்த்தார்கள்.
டீக் கோப்பைக்கு அடியில் வைப்போம் ஐயா,
மேசையில் கறை படியாமல்.

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பட்டியல் வாசித்தார்கள்.
நான் ஜெயித்த பிறகும் எண் ஓடிக்கொண்டிருந்ததாம்,
ஆறு நிமிடம்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பேர்.
அத்தனை பேருக்கும்
தொலைபேசிக் கம்பி வழியாகவே காது குத்தியிருக்கிறோம்.

அதில் ஒருவர் வந்திருந்தார்.
டென்ஸில் கோக்ராஃப்ட், கிரிம்ஸ்பி,
உறைமீன் கிடங்கில் இரவுக் காவல்.
பிளாஸ்டிக் பையிலிருந்து பில்லை எடுத்தார்,
அறுபத்தோரு வரி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு.
அதில் ஏழு, எல்லாம் முடிந்த பிறகு.
நஷ்டம் எவ்வளவு?
தொண்ணூற்றொன்றரைப் பவுண்டு.
வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

அவர் கிளைவைப் பார்க்கவில்லை.
கூண்டுக்கு இந்தப் பக்கம், என்னைப் பார்த்தார்.
'அம்மா, அறுபத்தெட்டு எப்படி வருகிறது?
மீன் பெட்டி அட்டைகளில் வரைந்து வரைந்து பார்க்கிறேன்.
ஒன்றரை வருஷமாக
எனக்கு நாற்பத்தொன்றுதான் வருகிறது.'

சாட்சியிடம் நேரடியாகப் பேசக்கூடாது என்றார் நீதிபதி.
மென்மையாகத்தான் சொன்னார்.

அறுபத்தெட்டு
நான் வேலைக்கு வரும் பஸ்.

விடை வைத்த உறையைக் காட்டினார்கள்,
சான்றுப் பொருள் பன்னிரண்டு.
உள்ளே 68, கிளைவின் கையெழுத்து.
எந்த மணிக்கு எழுதியது என்று மை சொல்லாது.
முக்கோணங்களை எண்ணியது யார் என்று
அந்த அறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரே ஒரு ஆள்தான்
கை தூக்கியிருப்பார்.

தீர்ப்பு மார்ச்சில்.

நேற்று ராத்திரி
தீப்பெட்டியைச் சமையல் மேசையில் கொட்டி,
ஞாபகத்திலிருந்து அடுக்கினேன்.
தலைகீழாக நிற்பவற்றையும்
பெரியதற்குள் ஒளிந்த சிறியவற்றையும் சேர்த்து
முதல் தடவை முப்பத்தொன்பது.
இரண்டாம் தடவை நாற்பத்தொன்று.
மூன்றாம் தடவை எண்ணப் பயமாக இருந்தது.

அவருக்குச் சொல்லலாம்.
எண் பட்டியலிலேயே இருந்தது,
வாசித்தபோது மனசில் தங்கிவிட்டது.
சாதாரணக் கட்டணம்தான்.

எடுத்தால்
யார் பேசுவது என்று கேட்பார்.